அம்ஸ்டர்டாம் போகும் நம் தீவகத்துப் பிள்ளைகளுக்கு

 

நம்மிடம் படித்த ஒரு பிள்ளை போன கிழமை தொலைபேசி எடுத்தான். அண்ணனைப் பார்க்க முதல் தடவையாக அம்ஸ்டர்டாம் போகிறானாம். "சேர், நீங்கள் போய்வந்தனீங்கள்தானே, என்ன கொண்டுபோக வேணும், என்ன பார்க்க வேணும்?" என்று கேட்டான். கொண்டுபோக வேண்டியதை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டோம். பார்க்க வேண்டியதைச் சொல்லத் தொடங்கியபோது அரை மணித்தியாலம் போய்விட்டது. கடைசியில் அவன், "இதையெல்லாம் பள்ளிக்கூடத்தில் ஏன் சேர் சொல்லித்தரவில்லை?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. அதற்கான பதிலாக இதை எழுதுகிறோம். பிள்ளைகளைப் பார்க்கப் போகும் தாய் தகப்பன்மாருக்கும் இது உதவும்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். நாம் அந்த நகரத்துக்குப் போவதற்கு முந்நூற்று அறுபது வருடங்களுக்கு முன்னரே அந்த நகரம் இங்கே வந்துவிட்டது. 1658 இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். பிடித்த கையோடு நம் தீவுகளுக்குத் தங்கள் ஊர்களின் பெயர்களைச் சூட்டினார்கள். காரைதீவு, அதாவது இன்றைய காரைநகர், அம்ஸ்டர்டாம் ஆனது. ஊர்காவற்றுறையும் வேலணையும் சேர்ந்த பெரிய தீவு லெய்டன். புங்குடுதீவு மிடில்பேர்க். அனலைதீவு ரொட்டர்டாம். நம் நயினாதீவு ஹார்லெம். நெடுந்தீவு டெல்ஃப்ட்.

இவை சும்மா வைத்த பெயர்கள் அல்ல. 1602 இல் தொடங்கிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்கு ஆறு நகரங்களில் கிளைகள் இருந்தன. அம்ஸ்டர்டாம், மிடில்பேர்க், டெல்ஃப்ட், ரொட்டர்டாம் ஆகிய நான்கும் அந்த ஆறில் சேரும். காசு போட்ட முதலாளிமாரின் ஊர்ப் பெயர்கள் நம் தீவுகளின் மேல் ஒட்டப்பட்டன. ஒரு சாமானை வாங்கியவன் அதில் தன் பெயரை எழுதி வைப்பதுபோலத்தான்.

ஊர்காவற்றுறைக்கு முன்னால் கடலுக்குள் நிற்கும் கோட்டையைப் பாருங்கள். போர்த்துக்கேயர் கட்டியது. ஒல்லாந்தர் அதற்கு ஹம்மன்ஹீல் என்று பெயர் வைத்தார்கள். பன்றித் தொடையின் குதி என்று பொருள். வரைபடத்தில் இலங்கை அவர்களுக்கு ஒரு பன்றித் தொடையாகத் தெரிந்ததாம். நமது நாட்டை முத்து என்றும் கண்ணீர்த்துளி என்றும் பாடியவர்கள் உண்டு. கம்பனிக்காரனுக்கு அது சாப்பாடாகத்தான் தெரிந்திருக்கிறது.

என்ன எடுத்தார்கள்? வன்னிக் காட்டில் பிடித்த யானைகள் ஆனையிறவு கடந்து வந்து கப்பலேறின. அவற்றை வாங்க வந்தவர்களில் கோல்கொண்டா, வங்காளக் கரைகளின் முஸ்லிம் வணிகர்கள் முக்கியமானவர்கள். துணிக்குச் சிவப்புச் சாயம் ஏற்றும் சாயவேரை நம் தீவுகளின் மணலில் கிண்டி எடுத்தார்கள். சங்கு வங்காளத்துக்குப் போனது. நெடுந்தீவில் குதிரை வளர்த்தார்கள். இன்றும் அங்கே காட்டுக்குதிரைகள் மேய்கின்றன.

யானை வாங்க வரும் முஸ்லிம் கம்பனிக்குத் தேவை. ஆனால் இங்கேயே இருந்து வியாபாரம் செய்யும் முஸ்லிம் அதற்குப் போட்டி. ஆகவே முஸ்லிம்களின் வியாபாரத்துக்கும் குடியிருப்புக்கும் பல கட்டுப்பாடுகள் வந்தன. கத்தோலிக்கக் குருமாருக்கு 1658 இலேயே தடை. சைவர்கள் உத்தியோகம் பார்க்க வேண்டுமென்றால் ஞானஸ்நானம் பெற வேண்டும். அந்தக் காலத்தில் நம் மூன்று சமூகத்துக்கும் ஒரே அதிகாரிதான், ஒரே வலிதான். இன்று நமக்குள் எதற்காவது முறுகல் வரும்போது இதை நினைத்துப் பார்ப்பது நல்லது.

இனிப் பயணத்துக்கு வருவோம்.

விசா: ஷெங்கன் விசாவில் 180 நாட்களுக்குள் 90 நாட்கள்தான் தங்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதி வேண்டும். திரும்பும் நாளுக்குப் பின்னரும் கடவுச்சீட்டு மூன்று மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். கடைசி நேரத்தில் ஓடாதீர்கள்.

பெட்டி: மகனுக்கென்று இறைச்சி வறுத்துக் கட்டாதீர்கள். இறைச்சியும் பால் சாமான்களும் ஐரோப்பாவுக்குள் விடமாட்டார்கள். கறிவேப்பிலையும் மாம்பழமும் பறிபோகும். கருவாடு கொண்டுபோகலாம், தேங்காய் கொண்டுபோகலாம், பனங்கட்டிக்கும் பயமில்லை. தீவகத்து உம்மாமாருக்கு இதைவிட நல்ல செய்தி வேறென்ன!

விமானம் இறங்கும் ஸ்கிப்போல் விமான நிலையம் ஒரு காலத்தில் ஏரியின் அடித்தளம். அந்த ஏரியின் பெயரே ஹார்லெம் ஏரி. 1852 இல் நீரை இறைத்து வற்ற வைத்தார்கள். ஆக, ஹார்லெம் என்று பெயர் வாங்கிய நயினாதீவிலிருந்து போகும் பிள்ளை முதன்முதல் கால் வைப்பது ஹார்லெம் ஏரியின் தரையில்தான். அது கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. கிணற்றில் உப்பு ஏறுகிறதே என்று தவிக்கும் நாம், தண்ணீரோடு அவர்கள் நடத்திய போராட்டத்தை மரியாதையோடு பார்க்கலாம்.

அங்கிருந்து நகரின் மத்திய நிலையத்துக்கு ரயிலில் கால் மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. வங்கி அட்டையை ஏறும்போதும் இறங்கும்போதும் தட்ட வேண்டும். இறங்கும்போது தட்ட மறந்தால் கூடுதலாகக் காசு போகும். பல கடைகளில் தாள்காசு வாங்க மாட்டார்கள். சைக்கிள் பாதையில் நடக்காதீர்கள். அங்கே சைக்கிள்தான் ராஜா, மணி அடித்துவிட்டு நிற்காமல் வருவான். இன்னொன்று, "கொஃபி ஷொப்" என்ற பலகையைக் கண்டு கோப்பி குடிக்க நுழைந்துவிடாதீர்கள். அது கஞ்சா விற்கும் இடம். கோப்பி வேண்டுமென்றால் "கஃபே" என்று எழுதிய இடத்துக்குப் போங்கள்.

கழிப்பறையில் தண்ணீர் இருக்காது. கைப்பையில் ஒரு வெறும் போத்தல் இருக்கட்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை. நாம் சொல்லும் "கக்கூசு" என்ற சொல்லே ஒல்லாந்தர் தந்ததுதான். "துட்டு" அவர்களுடையது. வீட்டு "இஸ்தோப்பு" அவர்களுடையது. தபால் "கந்தோர்" கூட அவர்களுடையதுதான். அங்கே கட்டடங்களில் கந்தோர் என்றே எழுதியிருப்பதைக் கண்டு நாங்கள் தெருவில் நின்று சிரித்தோம். தெரியாத மொழி என்று பயந்து போனவர்களுக்கு அந்த ஒரு சொல் கைகொடுத்தது.

தொழுகைக்குக் கஷ்டமில்லை. துருக்கி, மொரோக்கோ சகோதரர்கள் நிறைய இருப்பதால் பள்ளிவாசலும் ஹலால் கடையும் கிட்டவே கிடைக்கும். ரோசன்கிராக்ட் தெருவிலுள்ள ஃபாத்திஹ் பள்ளிவாசல் முன்னர் கத்தோலிக்கத் தேவாலயமாக இருந்த கட்டடம். ஜூன் மாதத்தில் சூரியன் இரவு பத்து மணிக்குத்தான் மறையும், இஷாவுக்கு நள்ளிரவு ஆகிவிடும். கிப்லாவையும் கவனியுங்கள். இங்கே மேற்குப் பக்கம் திரும்பித் தொழுது பழகிய நாம் அங்கே தென்கிழக்குப் பக்கம் திரும்ப வேண்டும். முதல் நாள் ஃபஜ்ருக்குப் பழக்கத்தில் மேற்கே நின்றுவிட்டு மாற்றிக்கொண்டோம். திசை மாறினாலும் முகம் பார்ப்பது ஒரே இடத்தைத்தான்.

பார்க்க வேண்டியவை நான்கு. கால்வாயில் படகேறிப் படமெடுப்பதை எல்லோரும் செய்வார்கள், நீங்களும் செய்யுங்கள். அதன் பிறகு இவற்றுக்கு நேரம் ஒதுக்குங்கள்.

ஒன்று, பழைய கிழக்கிந்திய மாளிகை. கம்பனியின் தலைவர்கள் கூடிய கட்டடம் இன்று அம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதி. நம் யானைக்கும் சாயவேருக்கும் கணக்குப் பார்த்த கம்பனி அங்கேதான் கூடியது.

இரண்டு, ரைக்ஸ் அருங்காட்சியகம். கண்டி அரண்மனையிலிருந்து 1765 இல் கொள்ளைபோன அலங்காரப் பீரங்கி அங்கே நெடுங்காலம் இருந்தது. அதையும் வாள்கள், கத்தி, துப்பாக்கிகள் உட்பட மொத்தம் ஆறு பொருட்களையும் 2023 இல் நெதர்லாந்து இலங்கைக்குத் திருப்பிக் கொடுத்தது. ஆகவே பீரங்கியைப் பார்க்க இனிக் கொழும்பு அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும். திருப்பிக் கேட்டால் கிடைக்கக்கூடிய பொருட்களும் உண்டு என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்று, ஹார்லெமும் டெல்ஃப்டும். அம்ஸ்டர்டாமிலிருந்து ஹார்லெமுக்கு ரயிலில் ஏறத்தாழ குறிகட்டுவானில் இருந்து நயினாதீவுக்குப் படகில் போகும் நேரம்தான். டெல்ஃப்டுக்கு ஒரு மணித்தியாலம், அதுவும் நெடுந்தீவுப் படகுப் பயணத்தின் கணக்குத்தான். ஒல்லாந்தர் வைத்த தீவுப் பெயர்களில் இன்றும் ஆங்கிலத்தில் தினமும் புழங்குவது டெல்ஃப்ட் ஒன்றே. அந்த நகரத்தில் 1632 இல் பிறந்தவர்தான் பல்தேயஸ் பாதிரியார். ஒல்லாந்தரோடு யாழ்ப்பாணம் வந்து ஊழியம் செய்து, திரும்பிப் போய், இலங்கையையும் மலபாரையும் பற்றிப் பெரிய நூல் எழுதினார். 1672 இல் அம்ஸ்டர்டாமில் அச்சானது. தமிழ் எழுத்துக்களும் அதில் அச்சிடப்பட்டன. நம்முடைய வழிபாட்டைக் குறைத்துப் பேசிய மனிதர்தான். ஆனாலும் அந்தக் கால யாழ்ப்பாணத்தை அறிய இன்று அவர் நூலையும் புரட்ட வேண்டியிருக்கிறது.

நான்கு, ஹேக் நகரின் தேசிய ஆவணக் காப்பகம். மத்திய ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கம்பனியின் கடதாசிகள் ஒரு கிலோமீற்றருக்கு மேல் நீளும் அடுக்குகளில் இருக்கின்றன. கொழும்பு ஆவணக் காப்பகத்தில் உள்ள ஒல்லாந்தர் ஏடுகளையும் சேர்த்து 2003 இல் யுனெஸ்கோ உலக நினைவகப் பதிவேட்டில் ஏற்றியது. பெரும்பகுதி இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. வாசிக்க நமக்குப் பழைய ஒல்லாந்த மொழி தெரியாது. நம் பிள்ளைகளில் அங்கே பிறந்து அந்த மொழியில் படிப்பவர்கள் எத்தனை பேர்! அவர்களில் ஒருவர் மனம் வைத்தால் தீவகத்தின் ஏறத்தாழ நூற்று நாற்பது வருடக் கதை தமிழுக்கு வரும்.

இதையெல்லாம் எந்தக் கண்ணோடு பார்ப்பது? அந்த மாளிகைகளைக் கண்டு கைகட்டி நிற்கவும் வேண்டாம், பல்லைக் கடிக்கவும் வேண்டாம். அடிமை வியாபாரத்துக்காக அம்ஸ்டர்டாம் மேயர் 2021 இலும் மன்னர் 2023 இலும் மன்னிப்புக் கேட்டார்கள். அதைப் படித்தபோது நமக்கு வேறொன்றும் நினைவுக்கு வந்தது. ஒல்லாந்தர் 1707 இல் எழுதித் தொகுத்த தேசவழமையில் அடிமைகளைப் பற்றிய விதிகளும் உண்டு. அந்த வழமையைச் சொன்னவர்கள் நம் ஊர்ப் பெரியவர்கள்தான். அடுத்தவன் கணக்கைப் பார்க்கும்போது நமது கணக்கையும் திறந்து வைப்பதுதான் நீதி.

கடைசியாக ஒரு விஷயம். ஒல்லாந்தர் காணிக்கும் ஆட்களுக்கும் தோம்பு எழுதினார்கள். வரி வாங்கவும் மதம் மாற்றவும் எழுதினார்கள். ஆனால் எழுதியது நின்றுவிட்டது. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது பலர் உறுதியைக்கூட எடுக்க முடியாமல் உடுத்த உடுப்போடு புறப்பட்டார்கள். அதே காலத்தில் தீவகத்துத் தமிழ் உறவுகளும் யுத்தத்தால் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். திரும்பி வந்தபோது பலரிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. முந்நூறு வருடத்துக்கு முந்திய யானைக் கணக்கு ஹேக்கில் பத்திரமாக இருக்கிறது. முப்பத்தைந்து வருடத்துக்கு முந்திய நம் வீட்டுக் கணக்கு இல்லை.

ஆகவே பயணம் போகும் பிள்ளையிடம் ஒரு வேண்டுகோள். போவதற்கு முன் வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டு உங்கள் காணியின் பெயர், கிணற்றின் பெயர், நாலு தலைமுறை ஆட்களின் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதுங்கள். உறுதி, பிறப்புப் பத்திரம், காவின் பத்திரம் எல்லாவற்றையும் படமெடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். ஒரு பிரதி அண்ணன் வீட்டில் இருக்கட்டும்.

அங்கே யாராவது "எந்த ஊர்?" என்று கேட்டால் கொழும்பு என்று சொல்லித் தப்பாதீர்கள். "உங்கள் ஆட்கள் ஹார்லெம் என்று பெயர் வைத்த ஊர். எங்கள் பெயர் நயினாதீவு" என்று சொல்லுங்கள். கேட்டவர் கதிரையை இழுத்துப்போட்டு உட்காருவார். அதற்குப் பிறகு கதையைச் சொல்வது உங்கள் பொறுப்பு.

போய் நலமாகத் திரும்பி வாருங்கள். இன்ஷா அல்லாஹ், வந்ததும் குறிகட்டுவான் இறங்குதுறையில் சந்திப்போம்.