மானும் மனிதாபிமானமும்

மன்னர்களின் மகுடங்களுக்கு மட்டுமன்றி, ஒரு துப்பாக்கிக் குழலின் விட்டத்துக்கும் வரலாறு உண்டு. பிரித்தானியாவில் மான் சுடுவோர் எத்தகைய றைபிளை ஏந்தவேண்டும், அதன் சன்னம் எவ்வளவு நிறையுடையதாய், எவ்வளவு வேகத்தோடு பாயவேண்டும் என்பனவெல்லாம் இன்று சட்டத்தால் வரையறுக்கப்பட்டுள்ளன. விலங்கு வதையுறாது விரைவில் மடியவேண்டும் என்பதே இவ்விதிகளின் நோக்கம். நோக்கம் நல்லதே, அதனை எள்ளுவது நமது கருத்தன்று. ஆயின், இவ்விதிகள் எவருடைய நிலத்தில், எவருடைய தேவையையொட்டிப் பிறந்தன என்று வினவும்போது, கருணையின் வரலாறு நிலவுடைமையின் வரலாற்றோடு பின்னிக் கிடப்பதைக் காண்கிறோம்.

ஸ்கொட்லாந்தின் வடபுல மலைநாடு ஒருகாலத்தில் கேலிக் மொழி பேசிய குடியானவர்களின் நாடு. பள்ளத்தாக்குகளில் அவர்கள் ஓட்ஸும் உருளைக்கிழங்கும் விளைவித்து, மாடு வளர்த்து வாழ்ந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம், ஆட்டு உரோமத்தின் விலையேற்றம் கண்ட நிலப்பிரபுக்கள், குடிகளை அகற்றிவிட்டு ஆட்டுப்பண்ணைகளை அமைத்தனர். சதர்லாந்துப் பகுதியில் 1807 முதல் 1821 வரை நிகழ்ந்த வெளியேற்றம் இவற்றுள் மிகக் கொடியது. 1814இல் ஸ்ட்ரத்நேவர் பள்ளத்தாக்கில் வீடுகள் தீயிடப்பட்டன. அதனை நடத்திய பற்றிக் செல்லர் என்னும் பண்ணை அதிகாரி 1816இல் இன்வர்னஸ் நீதிமன்றத்தில் விடுதலை செய்யப்பட்டான். 1867இல் வெளிவந்த 'மூலதனம்' நூலின் முதற் பாகத்தில், அங்கு வேரோடு பெயர்க்கப்பட்ட மக்களின் தொகையைப் பதினையாயிரம் என்று கார்ல் மார்க்ஸ் குறிப்பிடுகின்றார்.

மனிதன் போய் ஆடு வந்தது. பின்னர் ஆடு போய் மான் வந்தது. 1870களின் பின் அவுஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் மலிவான உரோமம் வந்து குவியவே, ஆட்டுப்பண்ணை இலாபமற்றதாயிற்று. குடியேற்ற நாடுகளின் வாணிகத்திலும் இங்கிலாந்தின் ஆலைகளிலும் பணம் திரட்டிய புதுச் செல்வருக்கோ பொழுதுபோக்குத் தேவைப்பட்டது. விக்டோரியா மகாராணியின் குடும்பம் 1852இல் பல்மோரல் பண்ணையை வாங்கியதிலிருந்து மானைத் தொடர்ந்து சுடுதல் உயர்குடிப் பிறப்பின் அடையாளமாயிற்று. 1883இல் ஏறத்தாழ இருபது இலட்சம் ஏக்கராக இருந்த மான்காடுகள் 1912இல் முப்பத்தைந்து இலட்சம் ஏக்கராக விரிந்தன. காடு என்று பெயர், மரங்களோ அரிது. மனிதரும் அரிது.

இக்காலத்திலேயே துப்பாக்கியும் மாறிவந்தது. தீக்கல்லால் வெடிக்கும் பழைய துப்பாக்கியின் பொறியும் புகையும் பறவைகளை வெருட்டின என்பதனால், அபர்டீன்ஷயரைச் சேர்ந்த அலெக்சாண்டர் போர்சைத் என்னும் பாதிரியார் தட்டினால் வெடிக்கும் மருந்தைக் கையாண்டு 1807இல் காப்புரிமை பெற்றார். ஆயினும் கரிமருந்தால் உந்தப்பட்ட உருண்டை ஈயக்குண்டு விரைவில் வேகமிழந்துவிடும். காயமுற்ற கலைமானைத் துரத்திப் பிடிப்பதற்கென்றே பெரிய வேட்டைநாய்கள் உடன் கொண்டுசெல்லப்பட்டன. வில்லியம் ஸ்குரோப் 1838இல் மான்வேட்டை பற்றி எழுதிய புகழ்பெற்ற நூல் இந்த யுகத்துக்குரியது. அன்று காயமுற்று ஓடுதல் வேட்டையின் விறுவிறுப்பாகவே கருதப்பட்டது.

1884இல் பிரெஞ்சு இரசாயன அறிஞர் போல் வியேய் புகையற்ற வெடிமருந்தைக் கண்டதும் நிலைமை தலைகீழாயிற்று. வேகம் பெருகியது, குழலின் விட்டம் சிறுத்தது. வேகத்தின் தாக்கத்தை எளிய கணிதத்தால் விளக்கலாம். ஒரு சன்னத்தின் நிறை இருமடங்கானால் அதன் சக்தியும் இருமடங்காகும். வேகம் இருமடங்கானாலோ சக்தி நான்கு மடங்காகும். எனவே மெலிந்த சன்னமும் பேராற்றல் பெற்றது. ஆனால் புதியதோர் இடர்ப்பாடும் தோன்றியது. அதிவேகத்தைத் தாங்கும்பொருட்டு ஈயத்தின்மேல் வன்உலோக உறை முழுமையாகப் போர்த்தப்பட்டது. அத்தகைய சன்னம் உடலினுள் விரியாமல் ஊசிபோல் ஊடுருவிச் சென்றுவிடும். மான் உடனே வீழாது. நெடுந்தூரம் ஓடி எங்கோ ஒரு புதரில் மெல்ல மெல்லச் சாகும்.

இதற்கு மாற்றாக வந்ததே நுனியில் உறையற்ற, உடலிற் பட்டதும் காளான்போல் விரியும் சன்னம். அதன் பெயர் நமது உபகண்டத்தோடு தொடர்புடையது. கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள டம்டம் படைக்கலச்சாலையில், கப்டன் பேர்ட்டி-கிளே என்பவர் 1890களில் இத்தகைய சன்னத்தை உருவாக்கினார். அது மானுக்காக உருவாக்கப்பட்டதன்று. வடமேற்கு எல்லையில் ஏகாதிபத்தியத்தை எதிர்த்த மலைவாழ் மக்களின்மீது பாய்ச்சுவதற்காக உருவாக்கப்பட்டது. 1899இல் ஹேக் மாநாட்டில் உலக நாடுகள் கூடி, விரியும் சன்னங்களைப் போரிற் பயன்படுத்தலாகாது என்று பிரகடனம் செய்தன. பிரித்தானியாவும் ஐக்கிய அமெரிக்காவும் அதற்கு எதிராக வாக்களித்தன. 'நாகரிகமற்ற' மக்கள் காயமுற்றும் பாய்ந்து வருவர். அவர்களைத் தடுக்க இத்தகைய சன்னம் வேண்டும் என்பதே பிரித்தானியப் பிரதிநிதி சேர் ஜோன் ஆடாவின் வாதம். 1907இலேதான் பிரித்தானியா அப்பிரகடனத்தை ஏற்றது.

ஈண்டு ஒரு முரண்பாட்டை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். போரில் மனிதன்மீது எய்தால் மனிதாபிமானமற்றது என்று விலக்கப்பட்ட அதே வகைச் சன்னம், மான்மீது எய்தால் மனிதாபிமானமுடையது என்று சட்டத்தால் விதிக்கப்பட்டுள்ளது. இதில் தர்க்கப் பிழையில்லை. போர்வீரனை வீழ்த்துவது போதும், அவன் பிழைத்துக்கொள்ளலாம் என்பது போர்ச்சட்டத்தின் எண்ணம். மான் பிழைக்கப்போவதில்லை, ஆகவே சாவு விரைவாக வரட்டும் என்பது வேட்டைச்சட்டத்தின் எண்ணம். ஆனால் எல்லைப்புற மக்களை முதலாம் வகையிலன்றி இரண்டாம் வகையில் வைத்து எண்ணிய ஏகாதிபத்திய மனப்பான்மையை எந்தத் தர்க்கமும் நியாயப்படுத்த இயலாது.

சட்டங்கள் மெதுவாகவே வந்தன. ஸ்கொட்லாந்தில் மான் சுடக்கூடாத பருவம் 1959ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே முதன்முதல் நிறுவப்பட்டது. இங்கிலாந்தில் 1963ஆம் ஆண்டுச் சட்டம், குழல் விட்டம் 0.240 அங்குலத்துக்கும், குழல்வாய்ச் சக்தி 1700 அடி-இறாத்தலுக்கும் குறைந்த றைபிள்களை விலக்கியது. ஸ்கொட்லாந்தில் 1985ஆம் ஆண்டுக் கட்டளை குழல் விட்டத்தை விடுத்து, சன்னத்தையே அளந்தது: நிறை 100 கிறெயின், வேகம் செக்கனுக்கு 2450 அடி, சக்தி 1750 அடி-இறாத்தல் என்பவற்றுக்குக் குறையாமலும், விரியும் இயல்புடையதாகவும் சன்னம் இருத்தல் வேண்டும். இந்நிபந்தனைகள் ஒருங்கே நிறைவேறவேண்டும். 100 கிறெயின் சன்னம் 2450 அடி வேகத்தில் ஏறத்தாழ 1330 அடி-இறாத்தலையே தரும்; விதித்த சக்தியைப் பெற அது செக்கனுக்கு 2800 அடிக்கு மேல் விரையவேண்டும். உருவிற் சிறிய 'ரோ' மானுக்கு 50 கிறெயினும் 1000 அடி-இறாத்தலும் போதும் என்றாயிற்று. ஈயம் இறைச்சியையும் பிணந்தின்னும் பறவைகளையும் நஞ்சூட்டுவதால், அதைவிட இலேசான செப்புச் சன்னத்துக்கு வழிவிடும்பொருட்டு 2023இல் 100 கிறெயின் என்பது 80 ஆகக் குறைக்கப்பட்டது.

எனினும் எந்தச் சட்டமும் சன்னம் எங்கே படவேண்டும் என்று விதிக்க இயலாது. அஃது அனுபவ அறிவு. பக்கவாட்டில் நிற்கும் மானின் முன்னங்காலின் பின்விளிம்பையொட்டிக் கண்ணை மேலே செலுத்தி, உடலின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் நிறுத்தினால், அதன் உள்ளே இதயமும் நுரையீரலும் பெருநாளங்களும் உள்ளன. அங்கே பட்டால் குருதியமுக்கம் சடுதியில் வீழ்ந்து, சில செக்கன்களில் உணர்வு நீங்கும். சற்று விலகினாலும் பரந்த நுரையீரலில் படும். தலையைக் குறிவைப்பது வீரமாகத் தோன்றலாம். மூளை சிறியது, தலையோ எப்போதும் அசைவது. தவறினால் தாடை உடைந்த மான் நாட்கணக்கில் பட்டினியாற் சாகும். வயிற்றிற் பட்டால் நீண்ட வேதனை. ஆகவே மான் திரும்பும்வரை காத்திருத்தலும், திரும்பாவிடின் சுடாது மீள்தலுமே இக்கலையின் முதல் ஒழுக்கம். பெரிய துப்பாக்கி பிழையான குறிக்கு ஈடாகாது.

இவ்வறிவு எவரிடம் இருந்தது? கனவானிடமன்று. ஈரப் புல்லில் வயிற்றால் ஊர்ந்து, காற்றின் திசையறிந்து, சுடவேண்டிய மானைத் தெரிந்து, சுடும் கணத்தைச் சொல்லிக்கொடுத்தவர்கள் கூலிக்கு அமர்த்தப்பட்ட மலைநாட்டுத் தொழிலாளரே. வெளியேற்றப்பட்ட குடிகளின் வழித்தோன்றல்கள் பலர் அவர்களுள் இருந்தனர். கனவான் தப்பவிட்ட காயமுற்ற மானைத் தேடி இருளில் அலைந்தவர்களும், குளிர்காலத்தில் புகழற்ற பெண்மான் வேட்டையை முடித்தவர்களும் அவர்களே. கொம்பு மாத்திரம் மாளிகைச் சுவருக்குச் சென்றது.

குடியானவன் அதே மானைச் சுட்டால் அவன் திருடன். ஸ்கொட்லாந்துச் சட்டப்படி காட்டுமான் எவருக்கும் உடைமையன்று. ஆனால் அதைக் கொல்லும் உரிமையோ நிலத்தோடு ஒட்டியது! பயிரை மான் மேய்ந்தழிப்பதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்த குடியானவர்கள், 1883இல் நேப்பியர் ஆணைக்குழுவின் முன் தம் குறையை எடுத்துரைத்தனர். 1887 நவம்பரில் லூயிஸ் தீவின் நிலமற்ற குடிகள் பார்க் மான்காட்டினுள் திரளாக நுழைந்து மான்களைச் சுட்டு உண்டனர். தமது பசியை நாடறியச் செய்வதே அவர்கள் நோக்கம். 1888 ஜனவரியில் எடின்பரோ நீதிமன்றத்தில் அவர்களது தலைவர்கள் குற்றமற்றவர்கள் என விடுவிக்கப்பட்டனர். நிலம் மட்டும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இன்று நிலைமை சிறிது மாறியுள்ளது. 1993இல் அசின்ற் பகுதிக் குடியானவர்கள் தாம் உழுத பண்ணையைத் தாமே வாங்கினர். 2003ஆம் ஆண்டு நிலச்சீர்திருத்தச் சட்டம் ஊர்ச் சமூகங்கள் நிலம் வாங்கும் வழியைத் திறந்தது. ஓநாய் அற்றுப்போன அந்நாட்டில், பெருகிய மான் இளமரங்களை மேய்ந்து காட்டை எழவிடாது தடுக்கின்றது, குறைத்தே ஆகவேண்டும். அப்பணி செய்வோர்க்குத் தக்க றைபிளும் பிழையாக் குறியும் இன்றியமையாதன.

'மனிதாபிமானம்' என்னும் சொல்லை நாம் விலங்குக்கும் வழங்குகின்றோம். அது சொல்லின் குறையன்று, சொல்லின் விரிவு. மான் வதையின்றிச் சாகவேண்டும் என்று எண்ணிய உள்ளம் பாராட்டுக்குரியதே. ஆனால் மானின் நெஞ்சில் சன்னம் பாயும் இடத்தை அங்குலக் கணக்கில் ஆராய்ந்த ஒரு சமுதாயம், தீயிட்ட குடிசைகளிலிருந்து ஓடிய மக்களின் நெஞ்சை ஆராயவில்லை. மானுக்குக் காட்டும் கருணையைக் குறைத்து மனிதனுக்கு நீதி பெற இயலாது. நிலத்தின்மீது மனிதனுக்குள்ள உரிமையை மீட்கும்போதுதான், மானுக்குக் காட்டும் கருணையும் கனவான்களின் ஆசாரமாக நில்லாது, மக்களின் அறமாக மலரும்.