சக்கையில் இருக்கிறது கணக்கு: பிரேசில் எத்தனாலும் கரிம உமிழ்வும்

கரிம உமிழ்வைக் குறைக்கும் எரிபொருள்களைப் பற்றிய விவாதங்களில் பிரேசிலின் கரும்பு எத்தனால் தவறாமல் இடம்பெறுகிறது. ஆனால் 1975 நவம்பர் 14 அன்று எர்னஸ்டோ கெய்செல் அரசு எத்தனால் எரிபொருளை ஊக்குவிக்கும் 'புரோஆல்கூல்' திட்டத்துக்கு ஆணை பிறப்பித்தபோது கரிமம் யாருடைய கவலையாகவும் இருக்கவில்லை. தேவையான கச்சா எண்ணெயில் சுமார் 80 விழுக்காட்டை வெளிநாட்டிலிருந்து வாங்கிய நாடு அது. 1973 நெருக்கடியில் எண்ணெய் விலை நான்கு மடங்கானது. அடுத்து சர்க்கரை விலையும் சரிந்தது. அந்நியச் செலாவணியையும் ஆலை முதலாளிகளையும் ஒருசேரக் காப்பாற்றப் பிறந்த திட்டம் இது.

1979இல் முழுக்க எத்தனாலில் ஓடும் ஃபியட் 147 விற்பனைக்கு வந்தது. எண்பதுகளின் நடுவில் விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது எத்தனால் கார்கள். 1986இல் எண்ணெய் விலை விழுந்தது. பிறகு சர்க்கரை விலை ஏறியதும் ஆலைகள் அந்தப் பக்கம் சாய்ந்தன. 1989-90 எத்தனால் தட்டுப்பாட்டில் கார் வைத்திருந்தவர்கள் பட்ட பாட்டை மக்கள் எளிதில் மறக்கவில்லை. பெட்ரோலும் எத்தனாலும் எந்த விகிதத்தில் கலந்தாலும் ஓடும் ஃபோக்ஸ்வாகன் கோல் 2003இல் வந்த பிறகே சந்தை மீண்டது.

கரும்பு வளரும்போது உறிஞ்சிய கரிமம்தான் எரியும்போது காற்றுக்குத் திரும்புகிறது என்பது பாதிக் கணக்கு. உரம், டிராக்டர் டீசல், வடிப்பதற்கான வெப்பம் எல்லாவற்றையும் கழிக்க வேண்டும். பிரேசில் இயற்பியலாளர் ஜோஸே கோல்டெம்பெர்க் உள்ளிட்டோர் 1978இல் 'சயன்ஸ்' இதழில் கரும்பு, மரவள்ளி முதலிய பயிர்களின் ஆற்றல் வரவு செலவை ஒப்பிட்டனர். கரும்பை முன்னிறுத்துவது, என் கணிப்பில், சாறு அல்ல, சக்கை. ஒரு டன் கரும்பில் சுமார் 80 லிட்டர் எத்தனாலும் கால் டன்னுக்குக் குறையாத ஈரச் சக்கையும் கிடைக்கின்றன. அரைவைக்கும் வடிப்புக்கும் வேண்டிய நீராவியைச் சக்கையே தந்துவிடுகிறது. அமெரிக்க மக்காச்சோள ஆலைகள் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவை எரித்துத்தான் இதே வேலையைச் செய்கின்றன.

வேடிக்கை என்னவென்றால், பிரேசில் ஆலைகளின் பழைய கொதிகலன்கள் 21 பார் அளவிலான குறைந்த அழுத்தத்தில் இயங்கின. சக்கை மிஞ்சினால் தொல்லை, எரித்துத் தீர்த்தால் போதும் என்பதே அன்றைய எண்ணம். 2001இல் நாட்டில் ஏற்பட்ட மின் தட்டுப்பாட்டுக்குப் பிறகு உயர் அழுத்தக் கொதிகலன்கள் பரவின. ஆலைகள் மின்சாரமும் விற்கத் தொடங்கின.

அறுவடைக்கு முன் தோகைக்குத் தீ வைக்கும் வழக்கம் இந்தக் கணக்கில் நெடுநாள் ஓட்டையாக இருந்தது. அதில் மீத்தேனும் கரும்புகையும் எழும். அதைப் படிப்படியாக ஒழிக்க சாவோ பாவ்லோ மாநிலம் 2002இல் சட்டம் இயற்றியது. அறுவடை இயந்திரங்கள் வந்தன. வெட்டுக் கூலிகள் பலர் வேலை இழந்தனர். உமிழ்வு அட்டவணைகளில் அவர்களுக்கு இடமில்லை.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2010இல், கரும்பு எத்தனாலின் உமிழ்வு பெட்ரோலைவிட 61 விழுக்காடு குறைவு என மதிப்பிட்டது. பிரேசிலில் 2017இல் இயற்றப்பட்ட 'ரெனோவாபியோ' சட்டம், தவிர்க்கப்பட்ட ஒவ்வொரு டன் கரியமில வாயுவையும் சந்தையில் விற்கத்தக்க சான்றாக மாற்றியது.

தகராறு நிலத்தில்தான். கரும்பு பெரும்பாலும் மேய்ச்சல் நிலத்தில் பரவுகிறது. இடம்பெயரும் மாடுகள் வேறெங்கோ காட்டைத் தின்னக்கூடும். பயிர் எரிபொருள்களின் இத்தகைய மறைமுக விளைவை அமெரிக்க ஆய்வாளர் டிமத்தி சர்ச்சிஞ்சரின் குழு 2008இல் சுட்டிக்காட்டியது. அமேசானிலும் பன்தனால் சதுப்புநிலத்திலும் கரும்பு விரிவாக்கத்தைத் தடுத்த 2009 ஆணை 2019இல் நீக்கப்பட்டது. காடழித்த வயலின் கரும்புக்கு ரெனோவாபியோ சான்று தராது. ஆனால் மாடுகள் போன இடத்தை அதன் கணிப்பான் கணக்கில் எடுப்பதில்லை.