பாய் இறக்காமல் நுழைந்த துறை

பூம்புகாரில் காவிரி கடலில் கலக்கும் இடத்தை முதன்முதலாகப் பார்ப்பவர்களுக்கு ஏமாற்றம்தான். கொள்ளிடம், வெண்ணாறு, அரசலாறு என்று பங்கு பிரிந்தபின் மிஞ்சியது ஒரு வாய்க்கால் அகலத்துக்கு வந்து சேர்கிறது. கோடையில் மணல்மேட்டில் முட்டி நின்றுவிடுகிறது. இதே முகத்துவாரத்துக்குள் பெருங்கலங்கள் பாயை இறக்காமலும் பாரத்தைக் குறைக்காமலும் புகுந்தன என்கிறார் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், புறநானூற்றின் 30-ஆம் பாட்டில்.

புலவர்கள் மிகையாகச் சொல்வார்கள் என்று இதைத் தள்ளிவிட முடியாது. வீரத்தையும் கொடையையும் எப்படியும் உயர்த்திப் பாடலாம். கப்பல் பாய் விரித்தபடியே ஆற்றுக்குள் வருகிறது என்பதோ துறைமுகத்தைக் கண்ணால் பார்த்தவன் சொல்லும் செய்தி. சோழமண்டலக் கரையில் ஆறுகள் கொண்டுவரும் வண்டல் ஒரு பக்கம், கரையோர நீரோட்டம் தள்ளும் மணல் ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்து முகத்துவாரங்களை அடைக்கும். பெரிய கலம் வெளியே நங்கூரமிட்டுச் சரக்கைத் தோணிக்கு மாற்றுவதே இங்கே வழக்கம். புகார் அதற்கு விலக்காக இருந்தது என்பதைத்தான் சாத்தனார் கவனித்திருக்கிறார்.

1960-களில் இந்தியத் தொல்லியல் துறை பூம்புகாரை அடுத்த கீழையூரில் தோண்டியபோது, பெரிய செங்கற்களால் கட்டிய படகுத்துறை ஒன்றும் அதனருகே நட்டிருந்த மரத்தூண்களும் கிடைத்தன. கரிமக் கணிப்பு அவற்றை ஏறத்தாழ கி.மு. 3-ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோகிறது. கலம் கட்டிய தறிகளாகவே அந்தத் தூண்களைக் கொள்ளலாம். கடலோரத்தில் அல்லாமல் உள்ளே தள்ளிக் கிடைத்ததால், புகார் கடல்துறையாக இருந்த அளவுக்கு ஆற்றுத்துறையாகவும் இருந்தது தெளிவாகிறது. உப்பை விற்று நெல் ஏற்றி வந்த படகுகள் கழியோரத் தறிகளில் குதிரைகளைப் போலக் கட்டப்பட்டிருந்ததைப் பட்டினப்பாலையும் சொல்கிறது.

அந்தப் பாட்டிலேயே இன்னொரு செய்தியும் உண்டு. புலிமுத்திரை பொறித்த மூட்டைகளைப் பாடும் கடியலூர் உருத்திரங்கண்ணனார், காட்டை அழித்து நாடாக்கியதற்கும் குளம் வெட்டியதற்கும் சோழன் கரிகாலனைப் புகழ்கிறார். கல்லணையையும் மரபு அவன் பெயரிலேயே சேர்த்திருக்கிறது. புகார் தூர்ந்ததற்குக் கடல்கோளைக் காரணம் காட்டுவது மணிமேகலையிலிருந்து வரும் வழக்கம். அதற்கு இணையாக வயலையும் காரணமாகச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். வயலுக்குப் பிரிந்த தண்ணீர் முகத்துவார மணலை அரித்துத் தள்ள வராது. நெல்லும் துறையும் ஒரே ஆற்றை நம்பியிருந்தன, நெல் வென்றது.

கப்பல் கட்டுவதிலும் இந்த மண்ணுக்கு ஒரு குறை இருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடற்பயணக் குறிப்பான பெரிப்ளூஸ், இக்கரையில் இரண்டு வகைப் பெருங்கலங்களைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது: பெருமரங்களைச் சேர்த்துக் கட்டிய 'சங்கரா', கங்கைக்கும் பொன்னாட்டுக்கும் போன பெரிய 'கொலாந்தியா'. சிறு படகுக்குப் புன்னையும் பூவரசும் இலுப்பையும் ஊரிலேயே கிடைக்கும். பெரிய கலத்துக்கு அடிமரமான ஏராவுக்கும் விலாச் சட்டமான வங்குக்கும் பலகைக்கும் தேக்கு வேண்டும். கோதாவரிக்கு மேலே தேக்குக் காடு இருந்தது. வெட்டிய மரம் ஆற்றோடு மிதந்து வந்தது. அதனால்தான் 17-ஆம் நூற்றாண்டில் கோதாவரிக் கழிமுகத்து நரசாப்பூர் இக்கரையின் பெரிய கப்பல் தளமானது. காவிரிக் கழிமுகத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் நாற்றங்கால். பர்மாவின் பெகுவிலிருந்து தேக்கு வரவேண்டும், அல்லது பெகுவுக்கே போய்க் கப்பல் கட்டிக்கொள்ள வேண்டும். சோழமண்டல வணிகர்கள் இரண்டையும் செய்தார்கள்.

தொழிலுக்கோ குறைவில்லை. எந்த மரம் ஆகும், எது ஆகாது, அளவு என்ன, நாள் எது என்று சொல்லும் 'கப்பல் சாத்திரம்' என்ற சுவடி 1950-இல் சென்னையில் அச்சாகியிருக்கிறது. பலகை மூட்டில் பஞ்சைத் திணித்துக் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி அடைக்கும் கலப்பற்று வேலை பார்த்த கைகளுக்கு அந்தச் சுவடி தேவைப்பட்டிருக்காது என்பது வேறு.

புகாருக்குப் பிறகு கதை நாகப்பட்டினத்துக் கடுவையாற்று முகத்துவாரத்துக்கு நகர்கிறது. அங்கே மலாய்த் தீபகற்பத்துக் கடாரத்து அரசன் கட்டிய சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்ததை லெய்டன் செப்பேடு சொல்கிறது. 1025-இல் ராஜேந்திரனின் படை கடாரத்தின் மேலேயே கடல் கடந்து போயிற்று. சீனர் 1267-இல் எழுப்பியதாகக் கருதப்படும் செங்கல் கோபுரம் 1867 வரை நின்றது. இடிக்கப்படும்வரை மாலுமிகளுக்கு அதுவே அடையாளம். போர்ச்சுகீசியரிடமிருந்து 1658-இல் டச்சுக்காரர், அவர்களிடமிருந்து 1781-இல் ஆங்கிலேயர் என்று கோட்டை கைமாறியது. கொடி மாறினாலும் சரக்கு பெரிதும் மாறவில்லை. தஞ்சை அரிசி இலங்கைக்குப் போயிற்று. பாக்கும் யானையும், வீட்டுக்கூரைக்கு யாழ்ப்பாணத்துப் பனஞ்சட்டமும் திரும்பி வந்தன. நாகூர் மரைக்காயர்களின் கப்பல்கள் அச்சே, பினாங்கு வரை ஓடின.

ஆனால் சாத்தனார் சொன்ன வசதி நாகைக்கு வாய்க்கவே இல்லை. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஆள் ஏற்றிய ரஜுலா கப்பல் வெளிக்கடலில்தான் நிற்கும். பயணிகள் பெட்டியும் படுக்கையுமாகப் படகில் போய் ஏறினார்கள். 2023 அக்டோபர் 14 அன்று இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் புறப்பட்டபோதும், அதற்கு முன்பாக முகத்துவாரத்தைத் தூர்வார வேண்டியிருந்தது. எதிர்க்கரை அக்கரைப்பேட்டையில் இப்போதும் படகு கட்டுகிறார்கள், பெரும்பாலும் ஃபைபரிலும் இரும்பிலும். தேக்குக்காகப் பெகுவை எதிர்பார்க்க வேண்டியதில்லை. மணல்தான் இன்னும் விடவில்லை.