கோவிவன் முதல் லட்டு வரை

போன ஜூலையில் நான்கு நாள் விடுப்பு போட்டுவிட்டு அல்கான்குவின் பூங்காவுக்குக் கூடாரம் அடிக்கப் போயிருந்தோம். டொராண்டோவிலிருந்து வடக்கே மூன்று மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். 1893ல் ஏற்படுத்திய பூங்கா, எங்கே திரும்பினாலும் ஏரி. நான், வீட்டம்மா, எட்டாவது படிக்கும் மகள், அப்புறம் லட்டு. லட்டு என்பது எங்கள் நாய். திருப்பதிப் பக்கத்து ஆள் வீட்டு நாய்க்கு வேறென்ன பெயர் வைப்பதாம்?

முகாமுக்குள் நுழையும்போதே விதிகள் எழுதிய தாளைக் கையில் கொடுத்துவிடுவார்கள். நாயை இரண்டு மீட்டருக்கு மேல் நீளாத கயிற்றில் பிடித்திருக்க வேண்டும், தனியாக விட்டுவிட்டுப் போகக் கூடாது, குளிக்கும் கரைக்குக் கூட்டி வரக் கூடாது. வங்கிக்காரன் புத்தி, அச்சடித்த விதி என்றால் இரண்டு தடவை படிப்பேன். ராத்திரி நெருப்பு மூட்டி உட்கார்ந்திருந்தபோது மகள் கேட்டாள்.

"அப்பா, உங்க ஊர்ல எல்லாம் நாயைக் கண்டா கல்லால அடிப்பாங்களாமே? பள்ளிக்கூடத்துல சொன்னாங்க. காட்டுக்கு, ஏரிக்கு எல்லாம் நாயைக் கூட்டிட்டுப் போனதே இல்லையா நீங்க?"

கல்லால் அடித்தது உண்மைதான். நானே அடித்திருக்கிறேன், அதை மறைக்க முடியாது. ஆனால் இரண்டாவது கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. அன்றைக்கு அவளுக்குச் சொன்னதையும், திரும்பி வந்தபின் புத்தகங்களைப் புரட்டிச் சரிபார்த்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் ஒரு நாள் இதைக் கேட்கத்தான் போகிறார்கள்.

முதலில் எங்கள் ஊர்க் கதை கொஞ்சம். சித்தூர் மாவட்டம் 1911 ஏப்ரலில் பிறந்தது. வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் வெட்டி எடுத்து ஒட்டிய மாவட்டம். 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலத்தோடு போயிற்று. 1960ல் திருத்தணி தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டது. எங்கள் தாத்தா ஒரே வீட்டில் இருந்துகொண்டே இரண்டு மாநிலம் பார்த்தவர். ஆகவே எங்கள் ஊரின் பழங்கதை வேண்டுமென்றால் எல்லைக்கோட்டின் இரண்டு பக்கமும் தேட வேண்டும்.

காட்டில் முகாம் என்றதும் எனக்கு நினைவுக்கு வருகிறவர் காளத்தியின் கண்ணப்பர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில் அவருடைய கதையைப் பக்தியை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு தடவை படித்துப் பாருங்கள். பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் வேடர் தலைவன் நாகனுக்கும் தத்தைக்கும் பிறந்த திண்ணன் முதல் தடவையாக வேட்டைக்குக் கிளம்புகிறான். நாய்களும் ஆட்களும் வலைகளும் காட்டுக்குள் போகின்றன. பெரிய பன்றி ஒன்று எல்லோரையும் ஏமாற்றிவிட்டு ஓடுகிறது. அதை விடாமல் துரத்தியவர்கள் மூன்றே பேர்: திண்ணன், நாணன், காடன். பன்றியைக் கொன்றாயிற்று, பசி, தாகம். பொன்முகலி ஆற்றங்கரைக்குப் போகிறார்கள். காடனைத் தீக்கடைகோலால் நெருப்பு உண்டாக்கச் சொல்லிவிட்டு, எதிரே தெரிந்த மலையில் திண்ணன் ஏறுகிறான்.

இன்றைக்கு ஸ்ரீகாளஹஸ்தியில் கோயிலை ஒட்டி ஓடும் சுவர்ணமுகிதான் அந்தப் பொன்முகலி. ஆற்றங்கரை, அடுப்பு, சுட்ட இறைச்சி! இங்கே நாங்கள் தீக்குச்சி நனைந்து போய் அரைமணி நேரம் ஊதிக்கொண்டிருந்ததை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதற்குப் பிறகு வருவது. கூட வந்த நாய்களெல்லாம் எங்கோ பின்னால். மலைமேல் சாமி தனியாக இருக்கிறாரே, விலங்கு ஏதாவது வந்துவிட்டால் என்ன செய்வது என்று திண்ணன் கையில் வில்லோடு விடிய விடியத் தூங்காமல் நிற்கிறான். காட்டில் ராத்திரி நாய் செய்கிற வேலையை அன்று அவனே செய்தான். (பக்தர்கள் கோபிக்க வேண்டாம், நான் இதை உயர்வாகத்தான் சொல்கிறேன்.)

புராணம் போதாது, கல்லில் எழுதியது வேண்டும் என்பவர்களுக்கு எடுத்தனூர் இருக்கிறது. செங்கம் வட்டாரம், இன்றைய திருவண்ணாமலை மாவட்டம், 1989 வரை வட ஆற்காடு. அந்தப் பகுதியில் கண்டெடுத்த கல்வெட்டுகளை இரா. நாகசாமி 'செங்கம் நடுகற்கள்' என்று 1972ல் பதிப்பித்தார். எடுத்தனூர்க் கல், பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமைகளைக் காக்கச் சண்டையிட்டு இறந்து போனான். அவனுடைய நாயின் பெயர் கோவிவன். அது திருட வந்தவர்களைக் கடித்து, அங்கேயே காத்து நின்றது என்று அதன் பெயரையும் செயலையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். வீரன் உருவத்துக்குப் பின்னால் நாயும் இருக்கிறது.

1400 வருடம் ஆகிறது. அந்தக் காலத்து எத்தனை பெரிய மனிதர்களின் பெயர் நமக்குத் தெரியும்? ஒரு மாட்டுக்காரன் நாயின் பெயர் தெரிகிறது. அது என்ன ஜாதி நாய், என்ன நிறம் என்றெல்லாம் கல் பேசவில்லை. ஓடிப் போகவில்லை என்பதைச் சொல்கிறது, அது போதும் என்று நினைத்திருக்கிறார்கள்.

மகள் இந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். "கோ... வி... வன்." லட்டு தலையைத் தூக்கிப் பார்த்தது. சோற்றுக்குத்தான் கூப்பிடுகிறோம் என்று நினைத்திருக்கும்.

வெள்ளைக்காரர் காலத்துக்கு வந்தால் கென்னத் ஆண்டர்சனை விட்டுவிட முடியாது. 1910ல் பிறந்து 1974ல் மறைந்த பெங்களூர்க்காரர், வேட்டைக்காரர், எழுத்தாளர். 1954ல் வந்த அவருடைய முதல் புத்தகத்திலேயே எங்கள் சாமலா பள்ளத்தாக்குப் புலிக்கு ஒரு அத்தியாயம் உண்டு. நாகப்பட்லா, பாகராபேட்டை என்று எங்கள் பேருந்துப் பலகையில் மட்டும் பார்த்த பெயர்களை ஆங்கிலப் புத்தகத்தில் பார்த்தபோது ஏற்பட்ட சந்தோஷம் சொல்லி முடியாது. நாய்க் கதைக்கு மட்டும் அவர் தேன்கனிக்கோட்டைப் பக்கம் சிவனிப்பள்ளிக்குப் போய்விடுகிறார். கருஞ்சிறுத்தை ஒன்றைத் தேட ஒரு சாதாரணத் தெருநாய் துணைக்குப் போனது. அதன் மூக்கை நம்பித்தான் துரையே நடந்தார். பிறகு அதைப் பெங்களூருக்கே கூட்டிப் போய் வளர்த்தார். லண்டனிலிருந்து கப்பலில் வந்த ஜாதி நாய் எதுவும் அந்தக் கதையில் இல்லை!

ஆனால் இதெல்லாம் எப்போதாவது ஒரு வீரன், ஒரு துரை. வருடா வருடம் நாயோடு ஏரிக்கரையில் முகாம் போட்டவர்கள் யாரென்றால், கிடைக்காரர்கள். மகளுக்குச் சரியான பதில் இவர்கள்தான்.

எங்கள் கிராமம் குடிபாலா பக்கம். பாதி வீட்டில் தமிழ், பாதி வீட்டில் தெலுங்கு, சண்டை மட்டும் இரண்டிலும். அறுப்பு முடிந்து நிலம் காலியானதும் ஆட்டு மந்தைகள் வரும். பகலெல்லாம் மேய்ந்த ஆடுகளை ராத்திரி ஒருவருடைய வயலில் மடக்கி வைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். அதற்குக் கூலியாக நெல்லோ கேழ்வரகோ பணமோ கொடுப்பார்கள். நாளைக்கு அடுத்த வயல். கோடையில் ஏரி வற்றியதும் ஏரிக்குள்ளேயே ஒரு ஓரமாகத் தங்குவார்கள், நடுவில் மிச்சமிருக்கும் தண்ணீர் ஆட்டுக்கு ஆகும். ஆளுக்கு ஒரு கம்பளி, ஒரு தடி, களி கிண்ட ஒரு சட்டி. கூடாரம் கிடையாது. பெட்ரோமாக்ஸ் கூடக் கிடையாது. நாய் உண்டு.

அந்த நாய்களை நான் பக்கத்தில் போய்ப் பார்த்ததே குறைவு, அவ்வளவு பயம். மந்தையைச் சுற்றி ஆளுக்கொரு மூலையில் படுத்திருக்கும். கயிறு கிடையாது. நரி, ஓநாய், சிறுத்தை, ஆடு திருடுகிறவன், யார் வந்தாலும் முதலில் தெரிவது அவற்றுக்குத்தான். மனிதன் தூங்குவதே நாய் விழித்திருக்கிறது என்ற தைரியத்தில். தாத்தா சொல்வார், கிடைக்காரன் முதலில் நாய்க்குக் களி உருட்டிப் போட்டுவிட்டுத்தான் தான் சாப்பிடுவான் என்று. செல்லம் கொஞ்சுவதெல்லாம் கிடையாது. கணக்குப் புத்தகத்தில் சம்பளம் என்று எழுத வேண்டிய செலவு அது.

அப்படியானால் இப்போது போனால் லட்டுவை தலக்கோனாவுக்குக் கூட்டிப் போகலாமா என்று கேட்டாள். 270 அடி அருவி, அடர்ந்த காடு, நேரபைலு வழியாகப் போனால் தங்க வனத்துறை அறைகள் கூட உண்டு என்று நான்தான் ஏற்கெனவே ஆசை காட்டியிருந்தேன். முடியாது என்று சொன்னேன். அந்தக் காடு 1989லிருந்து ஸ்ரீவெங்கடேஸ்வரா தேசியப் பூங்கா. தேசியப் பூங்காவுக்குள் ஆடு மாடு மேய்க்கவே 1972 சட்டம் இடம் தருவதில்லை. ஆகவே கிடைக்காரர்களுக்கே அங்கே இடமில்லை, லட்டு எம்மாத்திரம்.

முதலில் எனக்கும் இது வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் காரணத்தைப் பார்க்க வேண்டும். சேஷாசலம் காட்டில் செந்நாய் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் அதைக் கொன்றால் அரசாங்கமே பரிசுப் பணம் கொடுத்தது, அவ்வளவு வெறுப்பு. இப்போது அழிந்துவரும் இனம். வீட்டு நாயிடமிருந்து வெறிநோயும் டிஸ்டெம்பர் என்கிற வைரஸ் காய்ச்சலும் அதற்குத் தொற்றலாம். 1994ல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் சுமார் ஆயிரம் சிங்கங்கள் டிஸ்டெம்பரில் செத்தன. சுற்று வட்டார கிராமத்து நாய்களிடமிருந்து வந்தது. 2018ல் குஜராத்தின் கிர் காட்டிலும் இருபதுக்கு மேற்பட்ட சிங்கங்கள் செத்தபோது அதே வைரஸைக் கண்டுபிடித்தார்கள். தடுப்பூசி போட்ட நாய் என்று நாம் சொல்லலாம். வாசலில் நிற்கிற காவலர் ஒவ்வொரு நாயின் ஊசிச் சீட்டையும் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

இன்னொன்று சிறுத்தை. அதற்கு நாய்க்கறி என்றால் உயிர். 2023 ஆகஸ்டில் திருமலைக்கு நடந்து போன குடும்பத்தின் ஆறு வயதுப் பெண் குழந்தையை அலிபிரிப் பாதையில் சிறுத்தை கொன்றது நம் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு கூண்டு வைத்து அடுத்தடுத்துச் சிறுத்தைகளைப் பிடித்தார்கள், நடந்து போகிறவர்கள் கையில் தடி கொடுத்தார்கள். அப்படிப்பட்ட காட்டில் நாயை அவிழ்த்துவிட்டால் அது சிறுத்தையைப் பார்த்துவிட்டு எங்கே ஓடி வரும்? நம் காலடிக்குத்தான். இங்கே கரடி விஷயத்திலும் இதையேதான் சொல்கிறார்கள். இரண்டு மீட்டர் கயிற்றுக்கு அதுவும் ஒரு காரணம்.

இதையெல்லாம் மீறி நடந்த நாய் ஒன்றும் உண்டு. 2019 அக்டோபர் 31ஆம் தேதி 13 ஐயப்ப பக்தர்கள் திருமலையிலிருந்து சபரிமலைக்கு நடைபயணம் புறப்பட்டார்கள். ஒரு தெருநாய் பின்னாலேயே வந்தது. யாரும் கூப்பிடவில்லை. முதலில் கவனிக்கவே இல்லையாம். பிறகு தாங்கள் சமைப்பதில் அதற்கும் ஒரு பங்கு வைத்தார்கள். அது கர்நாடகத்துச் சிக்மகளூர் மாவட்டம் கொட்டிகெஹாரா வரும்போது 480 கிலோமீட்டர் ஆகியிருந்தது. பாதத்தில் காயம்பட்டு, வழியில் கால்நடை மருத்துவரிடம் காட்டிக் கட்டுப் போட்டு, மறுபடியும் நடந்தது. செய்தியைப் படித்த அன்றைக்கு அலுவலகத்தில் எனக்கு வேலையே ஓடவில்லை.

ஏனென்றால் எங்கள் வீட்டிலும் ஒரு நாய் இருந்தது. மணி. தாத்தாவின் நாய். ராத்திரி கரும்புக்கு நீர் பாய்ச்சப் போனால் கூடவே போகும், வரப்பில் படுத்திருக்கும், விடிந்தால் அவரோடு திரும்பும். 1991ல் தாத்தா காலமானார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நாங்கள் சித்தூர் டவுனில் வாடகை வீட்டுக்குப் போனோம். நாய் கூடாது என்றார் வீட்டுக்காரர். அந்த வாரம் ஏரிக்கரையில் கிடை இருந்தது. அப்பா மணியைக் கயிற்றில் கட்டிக் கொண்டுபோய்ப் பெரிய ஆட்டுக்காரரிடம் விட்டார். அவர் மணியின் பல்லைப் பார்த்தார், காதைப் பிடித்துப் பார்த்தார், சரி என்றார். முதல் வேலையாகக் கயிற்றை அவிழ்த்து அப்பா கையிலேயே கொடுத்துவிட்டார். மணி எங்கள் பின்னால் ஏரிக் கட்டு வரைக்கும் வந்தது. அப்பா குனிந்து ஒரு கல்லை எடுத்தார். எறியவில்லை, ஓங்கினார். அது நின்றுவிட்டது.

அடுத்த வருடம் அறுப்புக்குப் பிறகு கிராமத்துக்குப் போயிருந்தபோது அதே கிடை வந்திருந்தது. தூரத்தில் இருந்து பார்த்தேன். நான்கைந்து நாய்கள் இருந்தன. மணி இருந்த மாதிரித் தெரியவில்லை.

"ஏம்பா கிட்டப் போய்க் கேக்கலை?" என்றாள் மகள்.

நெருப்பு அணைந்து கொண்டிருந்தது. லட்டு ஏரிப் பக்கம் பார்த்து ஒரு தடவை குரைத்தது. அக்கம்பக்கத்துக் கூடாரங்களில் தூங்கிக் கொண்டிருப்பார்களே என்று கயிற்றைச் சுண்டி அதை அடக்கினேன். மகள் என் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டாள்.