வீட்டுப்பேரு எந்தா?

திருவனந்தபுரத்தில் குடியேறும் தமிழன் முதலில் திணறுவது படிவத்தில் உள்ள ஒரு கட்டத்தில்தான். பெயருக்கு அடுத்து ‘வீட்டுப்பேர்’ என்றிருக்கும். நமக்கு இருப்பதோ தலைப்பெழுத்தும் கதவு எண்ணும். கவுன்டரில் இருந்தவர் இரண்டாம் தடவை “வீட்டுப்பேரு எந்தா?” என்றபோது, வாடகை வீட்டுக்காரர் வாசலில் எழுதி வைத்திருந்த பெயரையே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். எபேசியர் நிருபம் இரண்டாம் அதிகாரத்தின் கடைசி நான்கு வசனங்கள் (19–22) எனக்குப் பிடிபட்டது அதற்குப் பிறகுதான். யூதரல்லாத கிறிஸ்தவர்களிடம், நீங்கள் யார் வீட்டு ஆட்கள் என்று சொல்லும் பகுதி அது.

‘அந்நியர்’, ‘பரதேசிகள்’ என்று வசனம் தொடங்குகிறது. இரண்டும் ஒன்றல்ல. மூலத்தில் முதல் சொல் வெளியூர்க்காரனைக் குறிக்கும். இரண்டாவது சொல்லான ‘பரோய்கோஸ்’, ஊரிலேயே குடியிருந்தும் ஊர்க்காரனின் உரிமை இல்லாதவன். சொல்லுக்குச் சொல் பார்த்தால், வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவன். தமிழில் ‘பரதேசி’ இன்று வசவாகிவிட்டது. கேரளத்தில் அப்படியில்லை. கொச்சியில் 1568-இல் கட்டப்பட்ட யூத ஜெப ஆலயத்துக்குப் பெயரே பரதேசி ஆலயம். தலைமுறைகளாகத் திருவிதாங்கூரில் வாழ்ந்த தமிழ்ப் பிராமணர்களும் மலையாள வழக்கில் பரதேசப் பிராமணர்கள்தான். நிருபம் சொல்லும் பரதேசி இந்த வகை.

அடுத்து ‘இனி’. இந்தச் சின்னச் சொல்லைத் தாண்டிப் போய்விடக் கூடாது. முன்பு என்ன இருந்தது? ஐந்து வசனம் பின்னால் போனால், தகர்க்கப்பட்ட ஒரு நடுச்சுவர் தெரியும். எருசலேம் ஆலயத்தில் புறஜாதியார் தாண்டக் கூடாத தடுப்பு ஒன்று நிஜமாகவே இருந்தது. மீறி உள்ளே வருபவன் சாவுக்கு அவனே பொறுப்பு என்று கிரேக்கத்தில் வெட்டிய கல் 1871-இல் கிடைத்தது; இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. துரோப்பீமு என்ற எபேசு ஊர்க்காரனை உள்ளே கூட்டிவந்தார் என்ற பழியில்தான் பவுலைப் பிடித்தார்கள் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள். நிருபத்தை எழுதியது பவுலா, அவர் வழிவந்த ஒருவரா என்று அறிஞர்கள் வாதாடட்டும், சுவர் கற்பனையல்ல. திருவனந்தபுரத்தில் இதற்கு நீண்ட உரை வேண்டாம். 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் ஆலயப் பிரவேசப் பிரகடனத்தில் கையெழுத்திடும்வரை, அரசின் கோயில்களுக்குள் போக முடியாமல் வெளியே நின்ற இந்துக்கள் எத்தனை சாதியார்!

‘ஒரே நகரத்தார்’: குடியுரிமை கிடைத்தாயிற்று. நிருபம் அதோடு நிற்காமல் ‘வீட்டார்’ என்கிறது. ‘ஓய்கோஸ்’ என்றால் கிரேக்கத்தில் வீடு. ‘பரோய்கோஸ்’ தொடங்கிக் கடைசி வசனத்தின் ‘வாசஸ்தலம்’ வரை, அந்த வேரிலிருந்து வந்த சொற்கள் ஆறு. வீட்டுக்குப் பக்கத்தில் நின்றவன் வீட்டாளாகி, முடிவில் வீட்டின் கல்லாகவே ஆகிவிடுகிறான். மொழிபெயர்ப்பில் இந்த விளையாட்டு நழுவிவிடுகிறது, தமிழிலும்தான்.

பிறக்காத வீட்டில் எப்படி வீட்டாராவது? முதல் அதிகாரமே ‘சுவிகாரம்’ என்று விடை வைத்திருக்கிறது. தத்து வந்தவன் ஓசிச் சோறு தின்பவன் அல்ல, வாரிசு. மருமக்கத்தாயம் என்ற தாய்வழி வாரிசுமுறை நடந்த திருவிதாங்கூர் அரண்மனைக்கு இது நன்றாகத் தெரியும். வம்சம் தொடரப் பெண் வாரிசு வேண்டியிருந்ததால், 1900-இல் மாவேலிக்கரையிலிருந்து இரண்டு சிறுமிகளைத் தத்தெடுத்தார்கள். அவர்களில் ஒருவரான சேது பார்வதி பாயின் மகன்தான் சித்திரைத் திருநாள். தத்து வந்தவளின் பிள்ளை போட்ட கையெழுத்துதான் கோயில் கதவைத் திறந்தது.

‘மூலைக்கல்’ அஸ்திவாரத்தின் கல்லா, உச்சியில் வைக்கும் கல்லா என்ற சர்ச்சை பழையது. எப்படிக் கொண்டாலும் மற்ற கற்கள் அதைப் பார்த்தே வரிசையில் நிற்க வேண்டும் என்பதால், நான் அதில் தங்கவில்லை.

என்னை நிறுத்துவது 21, 22. கட்டடம் ‘வளர்கிறது’ என்கிறது நிருபம். கட்டடம் எங்காவது வளருமா? உவமை பிசகினாலும் பொருள் பிசகவில்லை: வினைகள் நிகழ்காலத்தில் நிற்கின்றன, வேலை முடியவில்லை. கற்கள் ஒன்றோடொன்று இசைந்து பொருந்த வேண்டும் என்பது நிபந்தனை. கேரளத்துச் சபைகள் இடறியது இங்கேதான். எரவிபேரூரில் 1879-இல் பறையர் குலத்தில் பிறந்த பொய்கயில் யோஹன்னான் மார்த்தோமா சபையில் சேர்ந்தார். ஞானஸ்நானம் வாங்கியும் சாதி தன்னைத் தொடர்வதைக் கண்டு வெளியேறினார். வேறு சபைகளுக்குப் போனார். அங்கும் அதே கதை. ஏட்டில் வீட்டார், நடப்பில் பரோய்கோஸ். பிறகு திருவிதாங்கூரின் பிரதிநிதிகள் அவையான ஸ்ரீமூலம் பிரஜா சபையில் உறுப்பினராகித் தலைநகரில் தன் மக்களுக்காகப் பேசினார். அந்தச் சபை கூடிய விக்டோரியா ஜூபிலி மண்டபம் பாளையத்தில் இருக்கிறது. 2019 முதல் அதற்கு ஒடுக்கப்பட்டோர் தலைவர் அய்யன்காளியின் பெயர். யோஹன்னான் தொடங்கிய பிரத்யட்ச ரட்சா தெய்வ சபை, எரவிபேரூரில் இன்றும் தனி வீடாகத்தான் இருக்கிறது.