ஒரு "இருக்கலாம்" படுத்திய பாடு

அரியலூர்னா நம்மாளுங்களுக்கு சிமெண்ட் ஆலையும் சுண்ணாம்புக்கல் சுரங்கமும்தான் ஞாபகம் வரும். 2007-ல் பெரம்பலூரிலிருந்து பிரிந்த மாவட்டம். (2001-ல் ஒரு தடவை பிரிச்சு, 2002-ல் திரும்ப ஒட்டினது தனிக்கதை!) தமிழ் படிச்சவங்களுக்கு இன்னொரு ஊரும் ஞாபகம் வரணும், ஏலாக்குறிச்சி. பழைய பேர் திருக்காவலூர். வீரமாமுனிவர் தங்கியிருந்த ஊர், திருக்காவலூர்க் கலம்பகம் இந்த ஊர் மேல பாடினதுதான். அரியலூர் ஜமீன் மழவராயருக்கு வந்த ராஜபிளவையை முனிவர் வைத்தியம் பார்த்துக் குணமாக்கினார், ஜமீன் கோயிலுக்கு நிலம் எழுதி வைத்தார் என்று அந்தப் பக்கம் சொல்வார்கள். முந்நூறு வருஷத்துக் கொடுக்கல் வாங்கல்.

அங்கிருந்து கொள்ளிடத்தைத் தாண்டினால் தஞ்சாவூர் மாவட்டம். திருக்காட்டுப்பள்ளி பக்கத்தில் மைக்கேல்பட்டி. அங்கே கன்னியாஸ்திரிகள் நடத்தும் பழைய பள்ளிக்கூடம், கூடவே ஒரு விடுதி. அரியலூர் மாவட்டத்துப் பெண் ஒருத்தி அதில் தங்கி பிளஸ் டூ படித்து வந்தாள். வயது 17. நன்றாகப் படிக்கிற பிள்ளை. 2022 ஜனவரி 9 அன்று விஷம் குடித்தாள். ஜனவரி 19 அன்று தஞ்சை அரசு மருத்துவமனையில் இறந்து போனாள்.

இடையில் நடந்ததைத் தேதி வாரியாகப் பார்க்கணும், விஷயமே அதில்தான் இருக்கு. 16-ம் தேதி மாஜிஸ்திரேட் வந்து வாக்குமூலம் வாங்குகிறார். விடுதி வார்டன் படிக்க விடாமல் ஏகப்பட்ட வேலை வாங்கினார் என்கிறாள். மதம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 18-ம் தேதி வார்டன் கைது. நடுவில் 17-ம் தேதி, விசுவ இந்து பரிஷத்தின் உள்ளூர்ப் பொறுப்பாளர் ஒருவர் செல்போனில் ஒரு வீடியோ எடுக்கிறார். ஒரு நிமிஷம்கூட ஓடாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தன் பெற்றோரிடம் மதம் மாறச் சொல்லிக் கேட்டார்கள் என்று அந்தப் பெண் சொல்கிறாள். அதனால்தான் திட்டினார்களா என்று கேட்டதற்கு வந்த பதில், "இருக்கலாம்".

அந்த ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு ஓடினார்கள் பாருங்கள்! மாநில பாஜக தலைவராக இருந்த அண்ணாமலை வீடியோவை வெளியிட்டார், சென்னையில் உண்ணாவிரதம் நடந்தது. டெல்லியிலிருந்து நட்டா நாலு பெண்கள் கொண்ட குழுவை அனுப்பினார். பிப்ரவரி 14 அன்று ஏபிவிபி மாணவர்கள் முதல்வர் ஸ்டாலின் வீட்டு முன்னால் முற்றுகை. "இருக்கலாம்" என்பது மேடை ஏறினதும் "கட்டாய மதமாற்றத்தால் கொலை" ஆகிவிட்டது. சில நாளில் இன்னொரு வீடியோ வந்தது. விடுதிக் கணக்கு எழுதச் சொன்னது முதற்கொண்டு வேலைச்சுமையை அதே பெண் விவரமாகச் சொல்கிறாள். இதுக்கு யாரும் உண்ணாவிரதம் இருக்கலை.

ஜனவரி 31-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வழக்கை சிபிஐக்கு மாற்றியது. நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதனின் அந்தத் தீர்ப்பில், 'மைக்கேல்பட்டி' என்பது ஊரின் ஆதிப் பெயராக இருக்க முடியாது என்றொரு குறிப்பு வரும். எனக்கு அது உறுத்தியது. ஊர்ப் பேரையே சாட்சிக் கூண்டில் ஏற்றினால் திருக்காவலூர் என்ன ஆவது?

இதற்கு நடுவே மைக்கேல்பட்டிக்காரர்கள், இந்துக்களும் சேர்ந்துதான், கலெக்டரிடம் மனு கொடுத்தார்கள். இங்கே அப்படி எதுவும் இல்லை, எங்கள் ஒற்றுமையைக் கெடுக்காதீர்கள் என்று. அந்த மனு எத்தனை டிவியில் வந்திருக்கும்?

இந்தச் சொல்லுக்கு நம்ம ஊரில் பழைய வரலாறு உண்டு. 1981 பிப்ரவரியில் மீனாட்சிபுரம். சாதிக்கொடுமை தாங்காமல் தலித் குடும்பங்கள் இஸ்லாத்துக்குப் போயின. வாஜ்பாய் உட்பட டெல்லித் தலைவர்கள் வந்து குவிந்தார்கள். அரபுப் பணம் என்ற பேச்சு கிளம்பியது, ஏன் போனார்கள் என்ற கேள்வி அமுங்கிப் போனது. அடுத்த வருஷம் மார்ச்சில் மண்டைக்காடு: கோயில் விழா, மீனவர்கள், துப்பாக்கிச்சூடு, அப்புறம் வேணுகோபால் கமிஷன். 2002-ல் ஜெயலலிதா மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தார். 2004 மக்களவைத் தேர்தலில் ஒரு இடம்கூடக் கிடைக்கலை, அவரே திரும்பப் பெற்றார்.

சிறுபான்மை என்றாலே சுத்தத் தங்கம் என்று சொல்ல வரலை. பெரம்பலூர் மாவட்டம் வி.களத்தூரில் கதை தலைகீழ். முஸ்லிம்கள் அதிகம் வாழும் தெருக்களில் கோயில் ஊர்வலம் போகக்கூடாது என்று 2012 முதல் எதிர்ப்பு. 2021-ல் உயர்நீதிமன்றம் அதை ஏற்கலை. இதே நியாயத்தை மற்றவர்கள் திருப்பிப் பிடித்தால் நாட்டின் பெரும்பாலான பகுதிகளில் சிறுபான்மையினர்தான் விழா நடத்த முடியாமல் போவார்கள் என்றது. சரியான வாதம்தான். ஆனா அந்த வரி அப்படியே போய்ச் சேராது. "தமிழ்நாட்டில் இந்து ஊர்வலத்துக்குத் தடை" என்ற பாதிதான் வடக்கே போகும்.

மறுபடி மைக்கேல்பட்டிக்கு வருவோம். சிபிஐ மாநில அரசின் ஆள் இல்லை. கேட்டு வாங்கின சிபிஐ. அவர்கள் விசாரித்து வார்டன் மீது குற்றப்பத்திரிகை போட்டார்கள். மதமாற்றத்துக்கு ஆதாரம் இல்லை, வேலைச்சுமைதான் காரணம் என்ற அவர்களுடைய முடிவு 2025 தொடக்கத்தில் செய்தியாக வந்தது. மூணு வருஷம் கழித்து, பெட்டிச் செய்தி. அதற்குள் தேர்தல்கள் வந்து போய்விட்டன. கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளி என்றாலே பிள்ளை பிடிக்கிற கூடம் என்கிற சந்தேகம் பல ஊர்களில் நிலைத்துவிட்டது. பெற்றோர் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் இப்போதும் அந்த முதல் வீடியோதான் சுற்றுகிறது.

எனக்கு இன்னும் ஆறாத விஷயம் வேற. மாஜிஸ்திரேட்டிடம் அந்தப் பிள்ளை சொன்னது ஒரே புகார். விடுதிகளில், அது எந்த மதத்தினுடையதா இருந்தாலும், அரசு நடத்துவதா இருந்தாலும், பிள்ளைகளை வைத்துக் கணக்கு எழுத வைக்கிறார்களா, கூட்டித் துடைக்க வைக்கிறார்களா, யார் வந்து பார்க்கிறார்கள்? டெல்லியிலிருந்து வந்த நாலு பேரில் யாராவது பக்கத்து ஊர் விடுதி ஒன்றுக்குள் எட்டிப் பார்த்ததாக நான் எங்கேயும் படிக்கலை.