ஆர் மொழியில் தரவு உட்கணங்களும் வரைபடங்களும்

புள்ளியியலுக்கென உருவான ஆர் நிரல்மொழியில், ஒரு தரவுத் தொகுப்பிலிருந்து தேவையான வரிசைகளையும் நெடுவரிசைகளையும் மட்டும் பிரித்தெடுத்த பகுதி உட்கணம் எனப்படும். பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸும் சக ஆய்வாளர்களும் 1976இல் தொடங்கிய எஸ் மொழியே ஆருக்கு முன்னோடி. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் உருவாக்கிய ஆர், 1995இல் கட்டற்ற மென்பொருளாக வெளிவந்தது.

ஆரில் அட்டவணைக்கு டேட்டா ஃபிரேம் என்று பெயர். அதை அடுத்து இடும் சதுர அடைப்புக்குறிக்குள் காற்புள்ளிக்கு முன் வரிசைகளையும் பின் நெடுவரிசைகளையும் குறிக்க வேண்டும். வரிசை எண்களைத் தரலாம், நிபந்தனையும் தரலாம். நிபந்தனை தந்தால் ஒவ்வொரு வரிசைக்கும் உண்மை, பொய் என்ற விடை கிடைக்கும். உண்மையானவை மட்டும் தேறும். சப்செட் என்ற செயற்கூறும், டிபிளைர் தொகுப்பின் ஃபில்டரும் இதே வேலையை எளிய நடையில் செய்கின்றன.

பிரித்துப் பார்ப்பது ஏன் இன்றியமையாதது என்பதற்கு ஆருடனேயே வரும் ஐரிஸ் தரவு நல்ல சான்று. தாவரவியலாளர் எட்கர் ஆண்டர்சன் திரட்டிய இந்த அளவுகளை ரொனால்ட் ஃபிஷர் 1936இல் தம் கட்டுரையில் பயன்படுத்தினார். செட்டோசா, வெர்சிகலர், வெர்ஜினிக்கா ஆகிய மூன்று இனங்களில் இனத்துக்கு 50 வீதம் மொத்தம் 150 பூக்கள். புல்லி இதழின் நீளத்தையும் அகலத்தையும் சிதறல் வரைபடத்தில் இட்டால், மொத்தத் தரவின் ஒட்டுறவுக் கெழு ஏறத்தாழ −0.12. நீளம் கூடினால் அகலம் சற்றே குறைவதுபோல் தெரியும். ஆனால் இனவாரியாகப் பிரித்தால் செட்டோசாவில் 0.74, வெர்சிகலரில் 0.53, வெர்ஜினிக்காவில் 0.46. மூன்றிலுமே நீளத்தோடு அகலமும் கூடுகிறது! செட்டோசாவின் புல்லிகள் குட்டையாகவும் அகன்றும் இருப்பதால், அந்தக் கூட்டம் தனியே ஒதுங்கி நின்று மொத்தப் போக்கையே திருப்பிவிடுகிறது. இதைச் சிம்ப்சன் முரண் என்பர். எந்த உட்கணத்தை வரைவது என்ற முடிவும் பகுப்பாய்வின் ஒரு பகுதியே. அதைப் படத்துக்கு மெருகூட்டும் கடைசி வேலையாக ஒதுக்கக் கூடாது.

விடுபட்ட மதிப்புகளில் தனிக் கவனம் வேண்டும். நியூயார்க்கில் 1973 மே முதல் செப்டம்பர் வரை பதிவான ஏர்குவாலிட்டி தரவில் 153 நாள்கள் உள்ளன. அவற்றில் 37 நாள்களுக்கு ஓசோன் அளவு இல்லை. ஓசோன் 100க்கு மேல் என்று சதுர அடைப்புக்குறியில் நிபந்தனை இட்டால், அந்த 37 நாள்களும் வெற்று வரிசைகளாக விடையில் சேர்ந்துவிடும். நிபந்தனைக்கு உண்மை என்றோ பொய் என்றோ விடை கிடைக்காததே காரணம். சப்செட்டும் ஃபில்டரும் அவற்றை ஓசையின்றி விலக்கிவிடுகின்றன. எத்தனை விலகின என்று எண்ணிப் பார்ப்பது ஆய்வாளரின் கடமை.

இன்னொரு சிக்கல் வகைப்பாட்டு மாறிகளில் எழுகிறது. ஐரிஸிலிருந்து செட்டோசாவை நீக்கிவிட்டு ஆரின் அடிப்படை வரைபட முறையில் பெட்டி வரைபடம் வரைந்தாலும், அச்சில் அந்தப் பெயருக்கான வெற்றிடம் அப்படியே நிற்கும். வரிசைகள் போனாலும் வகைப் பட்டியல் மாறுவதில்லை. டிராப்லெவல்ஸ் என்ற செயற்கூற்றால் அதைத் துடைக்கலாம்.

உட்கணங்களைத் தனித்தனிப் படங்களாக வரைந்தால், ஒவ்வொன்றும் தன் தரவுக்கேற்ற அச்சு எல்லையை எடுத்துக்கொள்ளும். அதனால் ஒப்பீடு தவறாகிவிடும். எல்லைகளை நாமே ஒன்றாகக் குறிப்பது ஒரு வழி. ஒரே அச்சமைப்பில் சிறு கட்டங்களை அடுக்குவது இன்னொரு வழி. பெல் ஆய்வகத்தில் வில்லியம் கிளீவ்லாந்து குழுவினர் வளர்த்த ட்ரெல்லிஸ் முறை அது. தீபாயன் சர்க்கார் எழுதிய லாட்டிஸ் தொகுப்பு அதை ஆருக்குக் கொண்டுவந்தது. ஹாட்லி விக்காமின் ஜிஜிபிளாட்2 தொகுப்பில் வேறுவிதமாகக் கேட்டாலொழிய எல்லாக் கட்டங்களும் ஒரே அச்சு எல்லையைப் பகிர்கின்றன. அதே ஜிஜிபிளாட்2இல் அளவுகோலின் வழியே எல்லையைச் சுருக்கினால், வெளியே விழும் புள்ளிகள் நீக்கப்பட்ட பிறகே இடைநிலை அளவும் போக்குக் கோடும் கணக்கிடப்படும்; நாம் அறியாமலே ஓர் உட்கணம் உருவாகிவிடுகிறது. கணக்கைத் தொடாமல் படத்தை மட்டும் நெருக்கிக் காட்ட வேண்டுமானால், ஆயத்தொலைவு அமைப்பில் எல்லையைக் குறிக்க வேண்டும்.